பயம் விலகினால்தான் மண் இனிக்கும்: ஆஃப்ரோடு பைக் ஓர் அறிமுகம்

ஆஃப்ரோடு பைக் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை சிசி, எத்தனை குதிரைத் திறன் என்பதைத்தான். தார்ச்சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் கல்லும் மணலும் வேரும் சேறுமாகக் கிடக்கும் பாதையில் அந்தப் பதில் பெரிதாக உதவாது. அங்கே ஒரு வண்டி சுகமாக இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது, அதன் மேல் இருக்கும்போது நமக்கு எவ்வளவு பயம் இருக்கிறது என்பதுதான்.

கீழே விழுந்துவிடுவோமோ, விழுந்தால் எது உடையும், உடைந்தால் எவ்வளவு செலவாகும், சேற்றில் சிக்கினால் தனியாக இழுக்க முடியுமா, இந்த மேட்டில் நின்றுவிட்டால் கால் எட்டுமா? மனதில் இத்தனையும் ஓடினால் கை இறுகும், தோள் விறைக்கும், பார்வை முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஓட்டினால் எவ்வளவு நல்ல வண்டியும் முரண்டு பிடிக்கும். நல்ல ஆஃப்ரோடு பைக்கின் ஒவ்வொரு பாகமும் இந்தப் பயங்களில் ஏதோ ஒன்றைக் குறைப்பதற்காகவே அப்படி அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு பார்த்தால், மொத்த விஷயமும் எளிதாகப் புரிந்துவிடும்.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டோகிராஸ் வண்டி மூடிய பந்தயத் தடத்துக்கானது. அதில் விளக்கு கிடையாது, சாலையில் ஓட்டவும் முடியாது. எண்டியூரோ வண்டி அதன் உறவுதான், ஆனால் காட்டுப் பாதைகளில் நீண்ட நேரம் ஓட்டுவதற்கு ஏற்றபடி கொஞ்சம் மென்மையாக்கப்பட்டது. ட்ரையல்ஸ் வண்டி பாறைக்குப் பாறை தாவி ஏறுவதற்கானது. சுமார் 70 கிலோதான் இருக்கும், உட்கார இருக்கை என்று ஒன்று பேருக்குக்கூட இருக்காது. அட்வென்ச்சர் பைக் நெடுந்தூரப் பயணத்துக்கானது. பெரியவை 200 கிலோவைத் தாண்டும், 250 கிலோவைத் தொடுபவையும் உண்டு. இவற்றுக்கு நடுவில், சாலையிலும் போய் மண்ணிலும் இறங்கக்கூடிய டிரெயில் பைக் இருக்கிறது. டூயல் ஸ்போர்ட் என்றும் சொல்வார்கள். புதிதாக வருகிறவர் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்த டிரெயில் பைக் என்ற எண்ணத்தைப் பரவலாக்கிய வண்டி 1968-இல் வந்த யமஹா டிடி-1. அதுவரை மண்ணில் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் சாலை வண்டி ஒன்றைப் பிடித்து, டயரையும் ஹேண்டில்பாரையும் மாற்றி, வேண்டாததைக் கழற்றி எறிந்து சமாளித்துக்கொண்டிருந்தார்கள். டிடி-1 தொழிற்சாலையிலிருந்தே மண்ணுக்கென்று வந்த 250 சிசி டூ-ஸ்ட்ரோக். எடை குறைவு, விலை சாமானியர் எட்டக்கூடியது, பழுது பார்ப்பது எளிது. பந்தயக்காரர் அல்லாதவர்களும் மண் பாதைக்கு வரத் தொடங்கியதற்கு அது பெரிய காரணம்.

எடைதான் எல்லாம்

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்த்து வண்டி வாங்கு என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், எடையைத்தான் பார்ப்பேன். 250 சிசி மோட்டோகிராஸ் வண்டி ஏறக்குறைய 100 முதல் 105 கிலோ. சாலை அனுமதியோடு வரும் 250, 300 சிசி டிரெயில் வண்டிகள் பல 130 முதல் 160 கிலோவுக்குள் இருக்கும். பெரிய அட்வென்ச்சர் வண்டி இதைவிட 100 கிலோ அதிகம். காகிதத்தில் பார்க்கும்போது இது வெறும் எண். சரிவான இடத்தில் வண்டி சாய்ந்து கிடக்க, வியர்வையில் நனைந்த கையோடு, அன்றைக்கு நாலாவது ஐந்தாவது முறையாக அதைத் தூக்கி நிறுத்தும்போது அந்த எண் என்னவென்று உடம்புக்குத் தெரியும்.

விழுவது மண் பாதையில் தோல்வி அல்ல, அன்றாடம். நன்றாக ஓட்டுகிறவர்களும் விழுவார்கள். அதனால்தான் இந்த வண்டிகளின் வெளிப்பகுதி வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கால் ஆனது; அடிபட்டால் வளையும், விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். கியர் லீவரின் நுனி மடங்கும். கைப்பிடிக்கு முன்னால் ஹேண்ட்கார்டு இருந்தால் கிளட்ச், பிரேக் லீவர்கள் தப்பிக்கும். எஞ்சினுக்கு அடியில் கனமான தகடு ஒன்று கல்லடியைத் தாங்கிக்கொள்ளும். வண்டி விழுந்தது, தூக்கினோம், ஸ்டார்ட் செய்தோம், கிளம்பினோம் என்று முடிந்துவிட்டால் அடுத்த சரிவில் பயம் இருக்காது. பளபளக்கும் பெயிண்டும் பக்கவாட்டுப் பெட்டிகளும் உள்ள வண்டியில், விழுவதற்கு முன்பே மனது கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

எடை குறைந்த வண்டி இன்னொரு சுதந்திரமும் தருகிறது: திரும்பி வரலாம் என்ற தைரியம். முன்னால் பாதை மோசமாகிறது, குறுகலான இடம், வண்டியைத் திருப்ப வேண்டும். இலேசான வண்டி என்றால் இறங்கி நின்று, பின்பக்கத்தைக் கையால் இழுத்தே திருப்பிவிடலாம். கனமான வண்டியில் அதே இடத்தில் அரை மணி நேரம் போராட நேரும். அதனால் கனமான வண்டிக்காரர் தெரியாத பாதைக்குள் நுழையவே தயங்குவார். தெரியாத பாதைக்குள் நுழையத்தானே இந்த வண்டியையே வாங்கினோம்?

சக்கரமும் சஸ்பென்ஷனும்

சாலை பைக்குகளின் முன்சக்கரம் பெரும்பாலும் 17 அங்குலம். மண் வண்டிகளில் 21 அங்குலம், பின்னால் 18 அல்லது 19. ஒரே அளவுக் கல் எதிரே வந்தால், சின்னச் சக்கரத்துக்கு அது சுவர் போல நிற்கும். பெரிய சக்கரம் அதே கல்லைச் சாய்வான கோணத்தில் தொட்டு ஏறிவிடும். அகலம் குறைவாக இருப்பதால் மணலையும் சேற்றையும் வெட்டிக்கொண்டு முன்னே போகும். ஸ்போக் சக்கரங்கள் இன்றும் மறையாமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. கல்லில் மோதினால் அலாய் சக்கரம் விரிசல் விடக்கூடும். ஸ்போக் சக்கரம் பெரும்பாலும் வளைவதோடு நிற்கும். ஒரு ஸ்போக் அறுந்தாலும் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

சஸ்பென்ஷன் பயணம் என்று ஓர் அளவு சொல்வார்கள். சக்கரம் மேலும் கீழுமாக எவ்வளவு தூரம் நகர முடியும் என்பது அது. சாதாரண சாலை வண்டியில் 120, 130 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். டிரெயில் பைக்கில் 200 முதல் 250 வரை இருக்கும். முழு மோட்டோகிராஸ், எண்டியூரோ வண்டிகளில் சுமார் 300 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அடி. இந்த நீளம் தாவிக் குதிப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாம் கவனிக்காமல் விட்ட ஒரு பள்ளத்தை, நம்மை உலுக்காமல் விழுங்கிக்கொள்வதற்கும் இதே நீளம்தான் உதவுகிறது. தப்பை மன்னிக்கிற வண்டி என்று ஓட்டுகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். விலை உயர்ந்த சஸ்பென்ஷன் இருந்தும் வண்டி கல்லாக இருக்கிறது, அல்லது பின்பக்கம் அமுங்கிப்போய் முன்சக்கரம் நிலத்தைப் பிடிக்க மறுக்கிறது என்றால், ஸ்பிரிங் ஓட்டுகிறவரின் எடைக்குப் பொருந்தவில்லை என்பது பெரும்பாலும் காரணம். தொழிற்சாலையில் ஏதோ ஒரு சராசரி எடையை மனதில் வைத்துத்தான் ஸ்பிரிங் போடுவார்கள். 55 கிலோ உள்ளவருக்கும் 95 கிலோ உள்ளவருக்கும் அதே ஸ்பிரிங் எப்படிச் சரிப்படும்?

இதைச் சோதிக்க ஒரு டேப் போதும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி, எப்போதும் ஓட்டுகிற நிலையில் இருக்கும்போது அதே தூரத்தை இன்னொருவர் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு சேக் என்று பெயர். மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வந்தால் நல்லது. 300 மில்லிமீட்டர் பயணம் உள்ள வண்டியில் 100 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம். அதிகமாக அமுங்கினால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவை, கூட்ட வேண்டும், போதவில்லை என்றால் குறைக்க வேண்டும். முழுவதும் திருகியும் கணக்கு வரவில்லை என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஒரு மாலை நேரத்தில் முடிகிற வேலை இது. முடித்த பிறகு பழைய வண்டியா இது என்று கேட்கத் தோன்றும்.

டயர் இன்னும் எளிது, செலவே இல்லாமல் பலன் தருவது. சாலையில் 30 பிஎஸ்ஐ அளவில் காற்று வைத்திருப்போம். அதே காற்றோடு கல் பாதையில் இறங்கினால் டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லின் வடிவத்துக்கு மசிந்து கொடுக்கும், நிலத்தைத் தொடும் பரப்பும் கூடும், பிடிப்பும் கூடும். இலேசான வண்டிகளில் 15 பிஎஸ்ஐ வரைகூட இறங்குவார்கள். கனமான அட்வென்ச்சர் வண்டிகளில் 20, 25-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். டயர் ரிம்மிலேயே நழுவிச் சுற்றி, வால்வைப் பிய்த்துவிடும் ஆபத்தும் உண்டு. அதைத் தடுக்கத்தான் ரிம் லாக் போடுகிறார்கள். மறுபடி சாலைக்கு ஏறும்போது காற்றை ஏற்றிவிட வேண்டும், மறந்தால் வளைவுகளில் வண்டி நெளியும்.

எஞ்சின் எப்படி இருக்க வேண்டும்?

1979-இன் தொடக்கத்தில் முடிந்த, பாலைவனத்தைக் கடந்து செல்லும் முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை சிரில் நெவே வென்றார். அவர் ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500, ஒற்றை சிலிண்டர், சுமார் 30 குதிரைத் திறன். பாலைவனத்தைத் தாண்டுவதற்கே அது போதுமாக இருந்தது என்றால், வார இறுதியில் மலைப் பாதைக்குப் போகிறவருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மண்ணில் வேண்டியது குறைந்த சுழற்சியிலேயே அமைதியாக இழுக்கிற எஞ்சின். ஈரமான மேட்டில் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு ரொம்பக் குறைவு. அங்கே ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் திருப்பினால் சக்தியும் ஒரு நூல் மட்டுமே கூட வேண்டும். திடீரென்று பொங்கி வந்தால் சக்கரம் வெறுமனே சுழன்று வண்டி நின்றுவிடும், பாதி மேட்டில், ஒரு கால் காற்றில். வேகம் மிகக் குறையும்போது சட்டென்று அணைந்துபோகாத குணமும் முக்கியம். எஞ்சினுக்குள் சுழலும் எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இந்தக் குணம் வரும். பந்தய எஞ்சின்களில் அந்த எடையைக் குறைத்துவிடுவார்கள். சீறிக் கிளம்புவதற்கு அது நல்லது, மெதுவாக ஊர்ந்து ஏறுவதற்குத் தொல்லை.

முதல் கியரில் கிளட்சைப் பிடிக்காமலே நடைவேகத்தில் போக முடிகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். முடியவில்லை என்றால் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில், முன்னால் ஒரு பல் குறைத்துப் போடலாம். பின்னால் மூன்று பல் கூட்டுவதற்கு அது ஏறக்குறைய சமம். சாலையில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், மண்ணில் வண்டி சாதுவாகிவிடும். செலவும் குறைவு.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். மண் பாதையில் 30 கிலோமீட்டர் வேகமே நிறைவாக இருக்கும். சாலையில் அந்த வேகத்தில் கொட்டாவி வரும். இங்கே கண், கை, கால், இடுப்பு எல்லாவற்றுக்கும் வேலை இருக்கும். வண்டியின் முழுத் திறனையும் பயன்படுத்தி ஓட்டுகிற அந்த உணர்வு, மிக வேகமான சாலை பைக்கில் சட்டப்படி கிடைக்கவே கிடைக்காது. என்னைக் கேட்டால், இந்த வண்டிகள் மேல் ஒருவருக்கு ஆயுள் முழுக்கத் தீராத பிரியம் வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

நின்று ஓட்டுவது

படங்களில் எல்லோரும் நின்றுகொண்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற பேருந்தில் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்கிறவர் ஆட்டத்தை எப்படிச் சமாளிக்கிறாரோ, அதேதான் இங்கேயும். உட்கார்ந்திருந்தால் நம் எடை முழுவதும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அதிர்ச்சியும் முதுகெலும்புக்கு ஏறும். நின்றால் வண்டி நமக்கு அடியில் இடமும் வலமும், மேலும் கீழுமாகத் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டு போகும், நம் உடம்பு நிலையாக இருக்கும்.

அதற்கு வண்டியும் இடம் கொடுக்க வேண்டும். கால் வைக்கும் ஃபுட்பெக் அகலமாகவும் பற்களோடும் இருக்க வேண்டும். முழங்கால்களால் பிடித்துக்கொள்ள டேங்க் ஒடுக்கமாக இருக்க வேண்டும். நின்றால் கை இயல்பாகப் போய்ச் சேர்கிற உயரத்தில் ஹேண்டில்பார் இருக்க வேண்டும். குனிந்து பிடிக்க நேர்ந்தால் ஹேண்டில்பாரை உயர்த்தும் துண்டுகள் கிடைக்கின்றன. பிடிப்பை முழங்காலுக்கு விட்டுவிட்டால் கை தளரும், கை தளர்ந்தால் முன்சக்கரம் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும். கண் மட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எந்தக் கல்லை உற்றுப் பார்க்கிறோமோ அந்தக் கல்லில்தான் போய் ஏறுவோம்.

இருக்கை உயரம் பலரையும் மிரட்டுகிறது. பந்தய வண்டிகளில் 950 மில்லிமீட்டரைத் தொடும். டிரெயில் பைக்குகளில் 820 முதல் 900 வரை. இரண்டு காலும் முழுவதுமாகத் தரையில் ஊன்ற வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் சற்று நகர்ந்து உட்கார்ந்து ஒரு பாதத்தின் முன்பகுதி நன்றாக ஊன்றினால் போதும். ஆனால் தொடக்கத்தில் இந்தப் பயத்தோடு போராடிக்கொண்டே மற்றதைக் கற்பது சிரமம்தான். உயரம் குறைந்தவர்கள் தாழ்ந்த வண்டியோடு தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

பிரேக் பற்றி ஒரு குறிப்பு. மண்ணில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறான பாடம். நேராகப் போகும்போது ஒரு விரலால் மென்மையாக அழுத்திப் பழகினால் முன் பிரேக்தான் பெரும்பாலும் நிறுத்தும். பின்சக்கரத்தின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி இருந்தால் இறக்கத்தில் பெரிய உதவி. சரளைக் கற்களில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்க மாட்டாமல் போய்க்கொண்டே இருக்கும்.

வைத்துக்கொள்வதிலும் சுகம் வேண்டும்

ஓட்டுவது பாதி, வீட்டில் வைத்துப் பராமரிப்பது மீதி. ஆசைப்பட்டு மோட்டோகிராஸ் பந்தய வண்டி வாங்குகிறவர்கள் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். அந்த எஞ்சின்களுக்குப் பராமரிப்புக் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, ஓடிய மணி நேரத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு லிட்டர் அளவுக்குத்தான் ஆயில் இருக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். பிஸ்டனுக்கும் வால்வு இடைவெளிக்கும் மணிக்கணக்கில் கெடு இருக்கும். டிரெயில் பைக்கில் ஆயில் மாற்றினால் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு நிம்மதி.

எந்த வண்டியானாலும் ஏர் ஃபில்டர் விஷயத்தில் சோம்பல் கூடாது. பெரும்பாலான மண் வண்டிகளில் ஆயில் தடவிய நுரை ஃபில்டர் இருக்கும். தூசியில் ஓட்டிவிட்டு வந்தால் கழற்றி, கழுவி, காயவைத்து, மறுபடி ஆயில் தடவிப் போட வேண்டும். நுண்மண் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்து எஞ்சினைத் தின்றுவிடும். இருக்கையையோ பக்க மூடியையோ கருவி இல்லாமல் திறந்து ஃபில்டரை எடுக்க முடிகிற வண்டி, வாங்கும்போதே ஒரு மதிப்பெண் கூடுதலாகப் பெற வேண்டும். எளிதாக இருந்தால்தான் ஒழுங்காகச் செய்வோம்.

ஓடை தாண்டுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. எஞ்சின் மூச்சு இழுக்கும் இடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ஆழம் தெரியாத இடத்தில் முதலில் இறங்கி நடந்து பார்ப்பதே சரி. நடக்கத் தயங்குகிற நீரோட்டத்தில் வண்டியை இறக்கக் கூடாது. நடுவில் எஞ்சின் மூழ்கிவிட்டால் செல்ஃபை அழுத்தவே வேண்டாம். வெளியே இழுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுவது, ஸ்போக்குகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததைக் கண்டுபிடிப்பது, அதிர்வில் இளகிய போல்ட்டுகளை இறுக்குவது, இதெல்லாம் சேர்ந்து சிறிது நேர வேலை. ஒற்றை சிலிண்டர், மறைக்கும் மூடிகள் குறைவு, எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில். இந்த வேலைகளைத் தானே செய்யப் பழகிய ஒருவருக்குக் காட்டுக்குள் வண்டி நின்றாலும் கலக்கம் வராது. டயர் லீவர், ட்யூப், சின்ன பம்ப், தேவையான ஸ்பேனர்கள் ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே ஒரு முறை டயரைக் கழற்றி மாட்டிப் பழகிவிட வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலறும் சைலன்சரை மாட்டினால் சக்தி கூடும் என்று நம்பி மாற்றுகிறவர்கள் அதிகம். கிடைக்கிற கூடுதல் சக்தி சொற்பம். பாதையோரம் வசிப்பவர்களும் விலங்குகளும் படும் தொல்லை பெரியது. பல இடங்களில் பாதைகள் மூடப்பட்டதற்குச் சத்தமும், பாதையை விட்டு விலகி நிலத்தைக் கிளறியதும் முக்கியக் காரணங்கள். நில உரிமையாளர் அனுமதி உள்ள இடத்தில், ஏற்கெனவே உள்ள தடத்தில், அமைதியான வண்டியில் போகிறவரை யாரும் விரட்டுவதில்லை.

கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதலில் கணுக்காலைக் காக்கும் கனமான பூட்ஸ், நல்ல ஹெல்மெட், கண்ணாடி, முழங்கால் கவசம். அடுத்தது நிலத்துக்கு ஏற்ற டயர். அப்புறம் ஹேண்ட்கார்டும் அடித்தகடும். பிறகு உங்கள் எடைக்குப் பொருந்தும் ஸ்பிரிங். இதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் ஒரு நாள் கற்றுக்கொள்ளுங்கள். அதிக சிசி வண்டிக்கு மாறுவதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.